10 நிமிடமாம், 10 நிமிடம்!

உறைந்த சாப்பாட்டுப் பெட்டியில் செய்முறை எழுதுகிறவர்கள், தாங்கள் எழுதியதை ஒரு தடவையாவது செய்து பார்த்திருப்பார்களா? மாட்டார்கள். அடித்துச் சொல்கிறேன். பார்த்திருந்தால் "எலக்ட்ரிக் பிரஷர் குக்கர்: உறைந்தபடியே போடவும், 1 கப் தண்ணீர், 10 நிமிடம்" என்று எழுதக் கை வந்திருக்காது.

நேற்று ராத்திரி பசி உயிர் போகிற நேரத்தில் இதைத்தான் நம்பினேன். இறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட், கெட்டியான சாறு எல்லாம் சேர்ந்து ஒரே செங்கலாக இறுகிக் கிடக்கிறது. செங்கல் நீள்சதுரம், குக்கர் பாத்திரம் வட்டம். எப்படி உள்ளே போகும்? ஒரு முனை அடியில் இடிக்க, இன்னொரு முனை விளிம்பில் முட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கிறது, மூடி மூட முடியவில்லை. உடைத்துப் போடலாம் என்றால் கத்தி வழுக்குகிறது, கை போய்விடும். வெந்நீரை மேலே ஊற்றி, முனையைக் கொஞ்சம் கரைத்து, ஒரு வழியாக அமுக்கி மூடினேன். சாப்பாடு உறைந்து கிடந்த தட்டு நீள்சதுரம் என்று பெட்டி செய்தவனுக்குத் தெரியும், குக்கர் வட்டம் என்று ஊருக்கே தெரியும், அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சரி, 10 நிமிடம் என்று பட்டனை அமுக்கியாயிற்று. டைமர் அசையவே இல்லை. பிரஷர் ஏறிய பிறகுதான் அந்த 10 எண்ணத் தொடங்கும், அதற்கு முன்னால் ஐஸ் உருக வேண்டும், உருகியது கொதிக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸை உருக்க மட்டும் ஆகிற சூட்டை வைத்து, அதே ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை கொண்டுபோய்விடலாம். பள்ளிக்கூடப் பாடம்தானே இது! உறைந்த கட்டியைப் போட்டால் பிரஷர் ஏறவே 20 நிமிடம், அதற்கு மேலும் ஆகும். அப்புறம் 10. அப்புறம் ஆவி இறங்கும் நேரம். முக்கால் மணி நேரம் என்று நேர்மையாகப் போட்டிருந்தால் நான் வேறு ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பேனே!

அதோடு விட்டதா? மூடியில் இருக்கிற சின்னக் குமிழ் எழும்புகிற நேரம் பார்த்து பீப் பீப் என்று கத்தல், திரையில் 'பர்ன்', அதாவது அடி பிடிக்கிறதாம். திறந்து பார்த்தால் கட்டியின் ஓரம் மட்டும் உருகி, மாவு போட்டுக் கெட்டியாக்கிய அந்தச் சாறு கீழே இறங்கி, சூடேறிய பாத்திரத்தின் அடியில் ஒட்டிக் கருகுகிறது. மேலே இன்னும் பனி படிந்த கட்டி. அடியைச் சுரண்டினேன், தண்ணீர் விட்டேன், மறுபடி மூடினேன், மறுபடியும் பர்ன். பிரஷர் குக்கருக்கு ஆவி வேண்டும், ஆவிக்குக் கெட்டியில்லாத தண்ணீர் வேண்டும், மாவுச் சாறு அடியில் உட்கார்ந்தால் சூடு மேலே ஏறாது. அடியில் தண்ணீர் விட்டு, ஒரு முக்காலித் தட்டு வைத்து, அதன் மேல் வேறொரு கிண்ணத்தில் சாப்பாட்டை வைத்தால் இந்தத் தொல்லையே வராது. இதை எழுத அந்தப் பெட்டியில் இடமில்லையாம், ஆனால் ஆவி பறக்கிற சாப்பாட்டுப் படத்துக்கு முகப்பு முழுக்க இடம் இருக்கிறது!

கடைசியில் திறந்தபோது உருளைக்கிழங்கு கூழ். கேரட்டைக் காணோம். இறைச்சித் துண்டு ஒன்றைப் பிளந்தால் நடுவில் சில்லென்று இருக்கிறது. அதை அப்படியே வாயில் போட முடியுமா? நடுப்பகுதி 74 டிகிரியாவது வந்தாக வேண்டும். திரும்பவும் அடுப்பு.

இதற்கே இவ்வளவு கத்துகிறேன், இதைவிட வயிற்றெரிச்சல் அதே பெட்டியின் அடுத்த வரி. "ஸ்லோ குக்கரிலும் செய்யலாம்." அவ்வளவுதான். எத்தனை மணி நேரம், லோவா ஹையா, உருக்கிப் போடணுமா, எதுவும் இல்லை. ஸ்லோ குக்கர் பெரும்பாலும் 200, 300 வாட்டில் மெதுவாகச் சூடேறுகிற சாமான். அதில் ஒரு பெரிய உறைந்த கட்டியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனால், 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் அது மணிக்கணக்கில் கிடக்கும். கிருமி பெருக அதைவிடத் தோதான சூடு கிடையாது. சில கிருமிகள் விடுகிற நஞ்சு அப்புறம் கொதிக்க வைத்தாலும் போகாது. இறைச்சியை உருக்கிய பிறகுதான் ஸ்லோ குக்கரில் போட வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை தெளிவாகச் சொல்கிறது. ஸ்லோ குக்கருக்கென்றே தயாரித்து விற்கிற உறைந்த சாப்பாடு என்றால் பெட்டியில் உள்ள செய்முறைப்படி செய்யச் சொல்கிறது. அந்தச் செய்முறைதானய்யா எங்கே? குழந்தைகளும் வயதானவர்களும் சாப்பிடுகிற பொருள், ஒரு வரி எழுதி முடித்துவிட்டால் ஆயிற்றா? முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல என்ன கேடு? சொன்னால் 'உடனே தயார்' என்று முகப்பில் போட முடியாது, அதுதான் காரணம். எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

இன்னொன்று. தட்டின் மேல் ஒட்டியிருக்கிற அந்த பிளாஸ்டிக் தாளில் "இங்கே பிடித்து உரிக்கவும்" என்று ஒரு அம்புக்குறி போடுகிறார்களே, அந்த மூலை எந்தக் கம்பெனி தட்டிலாவது முழுசாகக் கையோடு வந்திருக்கிறதா? நூல் நூலாகக் கிழிந்து, பாதி தாள் உறைந்த சாறோடு ஒட்டிக்கொண்டு, நகத்தால் கிள்ளிக் கிள்ளி விரல் மரத்துப்போய்… அந்த அம்புக்குறியையாவது எடுத்துத் தொலையுங்கள்!