அந்தப் பத்து மைல்கல்லும் என் ஒரு கமென்ட்டும்

"விடுங்கக்கா, சின்னப் பையன்" என்று நேற்றிலிருந்து இன்பாக்ஸில் ஏழெட்டுப் பேர். விட்டிருப்பேன். ஒரு தம்பி போட்ட 'ஏஐ வரலாற்றின் 10 மைல்கற்கள்' கார்டுக்குக் கீழே நான் போட்டது ஒரே வரி: "2009 எங்கே தம்பி?" ஏஐ பார்த்துப் படிக்க மனிதர்கள் பேர் குறித்து வைத்த படத் தொகுப்பு வெளியான வருஷம் அது. என் கமென்ட்டுக்கு வந்த பதிலைத்தான் எல்லோரும் பார்த்தீர்களே. "அக்கா, பாக்ஸ் போடுறதெல்லாம் மைல்கல்லா? அப்போ எங்க தெரு டிடிபி சென்டரும் இலக்கிய வரலாறுல வரணுமே." 84 பேர் சிரித்திருந்தார்கள். அதில் ஒருத்தி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாக்ஸ் போட்டவள். பாக்ஸ் போடுவது என்றால், ஏஐ கற்றுக்கொள்வதற்காகப் படத்தில் இருப்பதைச் சுற்றிக் கட்டம் போட்டு இது இன்னது என்று பேர் கொடுக்கும் வேலை.

கார்டில் இருப்பது எதுவும் தப்பில்லை. 1950 டூரிங் கட்டுரை, 1956 டார்ட்மத் கூட்டம், 1997-இல் செஸ்ஸில் காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் ப்ளூ, 2016-இல் கோ ஆட்டத்தில் லீ செடோலை 4-1 என்று வென்ற ஆல்ஃபாகோ, 2022 சாட்ஜிபிடி, எல்லாம் சரி. 2012-க்கு நேரே எழுதியிருந்ததுதான் எரிச்சல்: "இயந்திரம் தானாகவே பார்க்கக் கற்றுக்கொண்டது."

தானாகவே!

படத்தைப் பார்த்து இது இன்னது என்று சொன்ன அந்த 2012 புரோகிராம், அலெக்ஸ்நெட், சாதனை இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? டொராண்டோவில் பேராசிரியர் ஹின்டனும் இரண்டு மாணவர்களும் செய்தது. அப்பா அம்மா வீட்டு பெட்ரூமில் இரண்டு கேம் விளையாடும் கிராஃபிக்ஸ் கார்டை வைத்து அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி ஓட்டியது. படங்களை அடையாளம் காணும் போட்டியில் இரண்டாவதாக வந்தவரின் பிழை 26.2 சதவீதம், இவர்களுடையது 15.3. கை தட்டத்தான் வேண்டும். ஆனால் அது பார்த்துப் படித்த 12 லட்சம் படங்களிலும் இது நாய், இது படகு என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து சொல்லி வைத்திருந்தார். அதுதான் இமேஜ்நெட். ஃபெய்-ஃபெய் லீயின் குழு 2009-இல் வெளியிட்டது. கடைசியில் 1.4 கோடி படங்களுக்கு மேல் சேர்ந்தது. அதைத் தரம் பிரித்தவர்கள் 167 நாடுகளில் ஏறத்தாழ 50,000 பேர்.

அவர்களுக்கு வேலை கொடுத்த அமேசான் தளத்தின் பேரே 'மெக்கானிக்கல் டர்க்'. 1770-இல் வியன்னாவில் காட்டிய செஸ் ஆடும் பொம்மையின் பேர் அது. நெப்போலியனே அதனோடு ஆடியிருக்கிறார். பலகைக்குக் கீழே இருந்த பெட்டிக்குள் ஒரு ஆள் ஒளிந்துகொண்டு ஆடினான். பேர் வைத்தவர்களே ஒளிக்கவில்லை, நம்ம தம்பி ஒளிக்கிறார்.

"ஐடியாதான் முக்கியம், மத்தது கூலி வேலை" என்று ஒருவர். ஐயா, ஐடியா அன்றைக்குப் பிறந்ததா? 1958-லேயே ரோசன்பிளாட்டின் பெர்செப்ட்ரான், மூளை நரம்புகளைப் பார்த்துச் செய்த ஏற்பாடு, இடது பக்கம் குறியிட்ட அட்டை எது, வலது பக்கம் எது என்று 50 தடவையில் கற்றுக்கொண்டது. இது இனி நடக்கும், பேசும் என்று பத்திரிகைகள் எழுதின. 1969-இல் மின்ஸ்கி, பேப்பர்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதன் ஓட்டைகளைப் புத்தகமாகவே போட்டார்கள். ஐடியா மட்டும் போதுமென்றால் 2012 வரை எதற்குக் காத்திருந்தது? கணக்குப் போடும் வேகமும் இல்லை, படமும் இல்லை. படம் எங்கிருந்து வந்தது என்று திரும்பவும் சொல்ல வேண்டுமா?

"பெரிய கோயிலைக் கட்டினது ராஜராஜன்னுதானே சொல்றோம்?" என்று இன்னொருவர். அந்த ராஜராஜன்தான் கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பேரை, எந்தத் தெரு, எந்த வீடு என்பது வரைக்கும் கல்லில் வெட்டி வைத்தான். வேற உதாரணம் எடுத்துக்கிட்டு வாங்க.

"நீங்க இல்லன்னா வேற யாராவது போட்டிருப்பாங்க" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மைதான். எல்லா வேலைக்கும் அதுதான் உண்மை.

நான் 14 மாசம் பாக்ஸ் போட்டேன். ஏதோ வெளிநாட்டுத் தெருப் படங்கள். கார், பைக், நடந்து போகிறவர் என்று ஒவ்வொன்றைச் சுற்றியும் கட்டம். ஒருநாள் நிறுத்தி வைத்த இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு சின்ன ஷூ மட்டும் தெரிந்தது. ஸூம் பண்ணினால் எல்லாம் கலங்கிவிடும், அந்த ஷூவின் வெள்ளைப் பட்டை மட்டும் தெரியும். கட்டம் போட்டு 'நபர்' என்று கொடுத்தேன். தரம் பார்க்கும் க்யூசியில் திருப்பி அனுப்பினார்கள், பாதிக்கு மேல் தெரிந்தால்தான் நபராம். திரும்பவும் போட்டேன். மூன்றாவது தடவை சூப்பர்வைசர் வந்து நின்றார். "சார், கால் இருந்தா பின்னாடி குழந்தை இருக்கு சார்" என்றேன். அன்றைக்கு என் அக்யூரசி குறைந்தது, அந்த மாசம் இன்சென்டிவ் போனது. சிரித்தாளே அவள், அன்று சாப்பாட்டு நேரத்தில் "நீ சொன்னதுதான்டி சரி" என்றவளும் அவளேதான்.

சாட்ஜிபிடி வந்ததும் இந்த வேலையெல்லாம் முடிந்துவிட்டது என்கிறீர்களா? அது அசிங்கமாகப் பேசாமல் இருப்பதற்காக உலகத்து அசிங்கத்தையெல்லாம் கென்யாவில் உட்கார்ந்து படித்துத் தரம் பிரித்தார்கள், மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலிக்கு. 2023 ஜனவரியில் டைம் பத்திரிகையில் வந்தது. என்னுடையதாவது ரோடு, கார். அவர்கள் படித்ததை என்னால் இங்கே எழுத முடியாது. அதுவும் டிடிபி சென்டர்தானா தம்பி?

எனக்குப் பொறாமையாம். இருக்கட்டுமே. என் பேரைப் போடச் சொல்லவில்லை. ஒரு வருஷத்தைப் போடச் சொன்னேன். கார்டில் கீழே வலது மூலையில் உங்கள் லோகோ இருக்கிறது பாருங்கள், அதைக் கொஞ்சம் தள்ளினால் 2009 உட்காரும். கட்டத்தை வேண்டுமானால் நானே போட்டுத் தருகிறேன், பழகின கைதான்.