கோமா கொத்தைப் பிடித்து வைத்திருப்பது காந்தமா?

'கோமா கொத்திலுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்திரள்களைச் சிதறாமல் பிடித்து வைத்திருப்பது ஒரு ராட்சதக் காந்தம்' என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. (கோமா கொத்து என்பது விண்வெளியில் ஒன்றாகக் கூடியிருக்கும் விண்மீன்திரள்களின் கூட்டம்.) தவறு. பிடித்து வைத்திருப்பது ஈர்ப்பு விசை; அதில் பெரும்பங்கு, ஒளி எதுவும் விடாததால் நேரடியாகப் பார்க்க முடியாத இருண்ட பொருளுடையது.

காந்தப்புலம் அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் வலிமை சில மைக்ரோகாஸ் (காந்தப்புலத்தை அளக்கும் ஒரு சிறிய அலகு) மட்டுமே, பூமியின் காந்தப்புலத்தில் சுமார் லட்சத்தில் ஒரு பங்கு. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தோடு ஒப்பிட்டால் கேட்கவே வேண்டாம்!

சரி, கொத்திலுள்ள அந்தக் காந்தப்புலம் எப்படி வந்தது? முதலில் மிக மெல்லிய விதைப்புலம் ஒன்று, அதாவது பின்னால் வலுப்பெறப் போகும் ஆரம்பக் காந்தப்புலம், இருந்திருக்க வேண்டும். அது பிரபஞ்சத்தின் தொடக்கத்திலேயே உருவானதா, பின்னாளில் விண்மீன்திரள்கள் வெளியே தள்ளியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அப்புறம் கொத்துகள் மோதி இணையும்போது, கோடிக்கணக்கான டிகிரி சூடான வாயு கலங்கிச் சுழல்கிறது. அது மின்துகள்களாலானது, அதனால் காந்தக் கோடுகளும் கூடவே இழுபட்டு, பரோட்டா மாவுபோல முறுகி மடிந்து வலுக்கின்றன.