கயிறு கட்டிய நாற்காலி

இத்தாலிய வடிவமைப்பு நாளையொட்டி, நான் வசிக்கும் ஐரோப்பிய நகரத்தில் நடந்த ஒரு கண்காட்சிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் போயிருந்தேன். கூடத்தின் நடுவில், சற்று உயர்ந்த மேடையில், இத்தாலிய வடிவமைப்பாளர் ஜோ போன்டி 1957இல் கசீனா என்ற அறைகலன் நிறுவனத்துக்காக வடிவமைத்த சூப்பர்லெஜெரா நாற்காலி இருந்தது. லிகூரியாக் கடற்கரையில் உள்ள கியாவரி என்ற ஊரின் தச்சர்கள் வழிவழியாகச் செய்துவந்த நாற்காலியை எடுத்து, அதில் குறைக்க முடிந்த மரத்தையெல்லாம் குறைத்து, 1.7 கிலோ எடைக்குக் கொண்டுவந்தவர் போன்டி. ஒற்றை விரலால் தூக்கிவிடலாம் என்பதுதான் அதன் பெருமையே. அந்த நாற்காலியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி, ‘தொடாதீர்கள்’ என்று பலகையும் வைத்திருந்தார்கள். ஒருமுறை தூக்கிப் பார்க்கலாமா என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். அவர் புன்னகைத்துவிட்டு ஒரு கையேட்டைத் தந்தார். அதில் யாரோ ஒருவர் ஒற்றை விரலால் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம் அச்சாகியிருந்தது.

இத்தாலி தன் பண்பாட்டை வெளிநாடுகளுக்கு எடுத்துச் செல்லும் முறையில் எனக்குள்ள மனக்குறை முழுவதும் அந்தக் கயிற்றில் இருக்கிறது. ஏற்பாடுகளில் குறையொன்றும் இல்லை. வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் டெல்லி, மும்பை உட்பட உலகெங்கும் 80க்கும் மேற்பட்ட பண்பாட்டு நிலையங்கள் இயங்குகின்றன. 2001 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் மொழி வாரம், 2016 முதல் நவம்பரில் உணவு வாரம், 2017 முதல் வடிவமைப்பு நாள் என்று நாட்காட்டி நிரம்பி வழிகிறது. இவ்வளவு பெரிய வலையமைப்பைப் பல நாடுகள் கனவிலும் காண முடியாது. ஆனால் நான் பார்த்த நிகழ்ச்சிகளில் பாதிக்கு மேற்பட்டவை ஏற்றுமதி விளம்பரத்துக்கும் பண்பாட்டுக்கும் இடையில் எங்கோ நின்றுவிடுகின்றன. உரை முடிவதற்குள் பார்வையாளரின் கண் மதுக்கோப்பைகள் அடுக்கிய மேசைக்குப் போய்விடுகிறது. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வருவதில்லை.

வணிகம் கலந்ததுதான் காரணம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 1954இல் நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில், தட்டச்சுப் பொறிகள் செய்த இத்தாலிய நிறுவனமான ஒலிவெட்டி திறந்த காட்சிக்கூடம் முழுக்க முழுக்க வணிகம்தான். பச்சைப் பளிங்குத் தரையிலிருந்தே முளைத்து எழுந்தவை போன்ற பீடங்கள், முரானோ கண்ணாடி விளக்குகள், சார்டீனியாவைச் சேர்ந்த கொஸ்தான்தீனோ நிவோலா மணலில் வார்த்தெடுத்த நீண்ட சுவர்ச் சிற்பம் என்று பார்த்துப் பார்த்து அமைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் செய்த மிகப் பெரிய காரியம் வாசலுக்கு வெளியே இருந்தது. நடைபாதையில் ஒரு பளிங்குப் பீடத்தின்மேல் லெட்டெரா 22 தட்டச்சுப் பொறி ஒன்றைத் தாளோடு வைத்திருந்தார்கள். போகிறவர் வருகிறவர் யாராக இருந்தாலும் நின்று தட்டிப் பார்க்கலாம். வாங்க வேண்டும் என்பதில்லை, உள்ளே நுழைய வேண்டும் என்பதும் இல்லை. பொருளை விற்க வந்தவனுக்கே கயிறு கட்டாமல் இருக்கத் தெரிந்திருக்கிறது.

அரசுப் பணம் கலந்தால் கெட்டுவிடும் என்பதும் முழு உண்மையன்று. 1972இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், எமிலியோ அம்பாஸ் பொறுப்பில் நடந்த இத்தாலிய வடிவமைப்புக் கண்காட்சிக்கு இத்தாலியின் வெளிநாட்டு வணிக அமைச்சகமும் எனி என்ற எரிசக்திக் குழுமமும் ஆதரவளித்தன. தோட்டத்தில் நாற்காலிகளும் விளக்குகளும் சரக்குப் பெட்டி போன்ற உயரமான கூண்டுகளுக்குள் காட்சி தந்தன. உள்ளே போனால் கதையே வேறு. ஆர்க்கிசூம் என்ற வடிவமைப்புக் குழுவினர் சாம்பல் நிற வெற்று அறை ஒன்றைக் காட்டினார்கள். அங்கே ஒரு சிறுமியின் குரல் மட்டும் ஓர் அழகான வீட்டை வர்ணித்துக்கொண்டிருந்தது. சூப்பர்ஸ்டூடியோ குழு, பொருள்களே இல்லாத வாழ்க்கையைக் கற்பனை செய்யச் சொன்னது. குருப்போ ஸ்ட்ரும் குழு, வீட்டுவசதிக்கான போராட்டங்களைப் படக்கதைத் தாள்களாக அச்சிட்டு இலவசமாக வழங்கியது. வடிவமைப்பாளர் என்சோ மாரி, அறை எதையும் வடிவமைக்க மறுத்து, ஓர் உரையை மட்டும் எழுதித் தந்தார். இத்தாலியப் பொருள்களை விற்பதற்காக ஒதுக்கிய பணத்தில், பொருள்கள் எதற்கு என்ற கேள்வியே அமெரிக்கா வரை போய்ச் சேர்ந்தது. வடிவமைப்பு பயில்பவர்கள் இன்றுவரை அந்தக் கண்காட்சியைப் பேசுகிறார்கள் என்றால், அழகிய நாற்காலிகளோடு அந்தச் சண்டையையும் சேர்த்து அனுப்பியதுதான் காரணம் என்பேன்.

இதற்கு நேர்மாறாக நடந்தது 2024 அக்டோபரின் பிராங்பர்ட் புத்தகக் கண்காட்சி. 1988க்குப் பிறகு இரண்டாம் முறையாக இத்தாலி அங்கே சிறப்பு விருந்தினர் நாடாக வந்திருந்தது. கட்டடக் கலைஞர் ஸ்தெபனோ போயெரி, நாட்டின் அரங்கை ஒரு நகரச் சதுக்கம் போல வடிவமைத்திருந்தார். சதுக்கம் என்றால் எல்லாரும் கூடிக் குரலெழுப்பும் இடம். ஆனால் அதிகாரபூர்வ எழுத்தாளர் பட்டியலில், மாஃபியாவைப் பற்றி எழுதியதற்காக 2006 முதல் காவல் பாதுகாப்பில் வாழும், ஆளும் அரசைக் கடுமையாக விமர்சித்துவரும் ரொபர்த்தோ சவியானோவின் பெயர் இல்லை. எழுத்தாளர்கள் 40க்கும் மேற்பட்டோர் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள்; சாந்த்ரோ வெரோனேசி, பாவ்லோ ஜொர்தானோ போன்றோர் அதிகாரபூர்வ எழுத்தாளர் குழுவிலிருந்தே விலகினார்கள். சவியானோ கடைசியில் ஜெர்மானியர்களின் அழைப்பில் பிராங்பர்ட் வந்து பேசினார். தன் எழுத்தாளனுக்கு அயலான் நாற்காலி போட வேண்டியிருந்தது ஒரு நாட்டுக்கு எவ்வளவு பெரிய தலைக்குனிவு! எல்லாரையும் அழைக்க முடியாது, யாரையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் விடுபட்டவர் யார் என்பதை ஊரே கவனிக்கும்போது, அந்த வாதம் எடுபடுவதில்லை.

எனக்குப் பிடித்த நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. அவை பெரும்பாலும் செலவு குறைந்தவை. ஒரு மொழி வாரத்தில், மழை பெய்த ஒரு மாலையில், 20 பேர்கூட இல்லாத அறையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தம் பக்கங்களை இரு மொழிகளிலும் வாசித்தார். ‘மகாரி’ என்ற இத்தாலியச் சொல் வந்த இடத்தில், முன்வரிசையில் இருந்த இத்தாலிய முதியவர் கையை உயர்த்தினார். அந்தச் சொல்லுக்கு ‘ஒருவேளை’ என்றும் பொருள் உண்டு, ‘அப்படி நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்’ என்ற ஏக்கமும் உண்டு. நீங்கள் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டீர்கள் என்றார். மொழிபெயர்ப்பாளர் விட்டுக்கொடுக்கவில்லை, ஏங்கும் அளவுக்கு அந்தப் பாத்திரத்துக்கு நம்பிக்கையே மிச்சமில்லை என்று வாதிட்டார். அரைமணி நேரம் அந்த ஒரு சொல்லைப் பற்றியே பேச்சு ஓடியது. இத்தாலி மொழி தெரியாதவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். எல்லாரும் கிளம்பும்போது, மொழிபெயர்ப்பாளர் தம் பிரதியின் ஓரத்தில் பெரியவர் சொன்னதைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார்.