யானோமாமி இரத்தமும் ஃப்ரீசரும்

பழங்குடி மக்களிடம் நடந்த மருத்துவ ஆராய்ச்சிகளைக் குறை சொன்னால் உடனே ஒருவர் கிளம்பி வருவார்: "அந்தக் காலத்தில் அதற்கெல்லாம் விதிமுறை ஏதுங்க?" அமேசான் காட்டு யானோமாமிகள் விஷயத்தில் இந்தச் சமாதானம் செல்லாது.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்க மரபியலாளர் ஜேம்ஸ் நீல், மானுடவியலாளர் நெப்போலியன் சாக்னன் குழுவினர் வெனிசுவேலாவிலும் பிரேசிலிலும் ஆயிரக்கணக்கான யானோமாமிகளிடம் இரத்தம் எடுத்தார்கள். பணம் கொடுத்தது அமெரிக்க அணுசக்தி ஆணையம். நீல் அதற்கு முன் ஹிரோஷிமாவில் ஆய்வு செய்தவர். கதிர்வீச்சு படாத மக்களின் இரத்தம் ஒப்பீட்டுக்குத் தேவைப்பட்டது. கொடுத்தவர்களுக்குக் கத்தி, கோடாலி, சட்டி கிடைத்தன. ஏதோ நோயைக் கண்டறியத்தான் எடுக்கிறார்கள் என்று பலர் நம்பினார்கள். மனிதர்களிடம் ஆராய்ச்சி செய்ய அவர்கள் விஷயம் தெரிந்து சம்மதிக்க வேண்டும் என்ற நியூரம்பெர்க் நெறிமுறை வந்தது 1947இல். அதே வழியில் மருத்துவ ஆராய்ச்சிக்கான ஹெல்சின்கி பிரகடனம் 1964இல். ஆக, விதி இருந்தது. காட்டுக்குள் போகும்போது யாரும் அதைக் கையோடு எடுத்துப் போகவில்லை, அவ்வளவுதான்.

யானோமாமிகள் இறந்தவரின் உடலை எரிப்பார்கள். எலும்பை இடித்துப் பொடியாக்கி, அந்தச் சாம்பலை வாழைப்பழக் கூழில் கரைத்து உறவுகள் குடிப்பதும் உண்டு. அவர் புழங்கிய அம்பு, கூடை எல்லாம் அழிக்கப்படும். பெயரைக்கூட உச்சரிக்க மாட்டார்கள். செத்தவரின் சுவடு எதுவும் மிஞ்சக் கூடாது. அப்படிப்பட்டவர்களின் அப்பா அம்மா இரத்தம் அமெரிக்கப் பல்கலைக்கழக ஃப்ரீசர்களில் பல பத்தாண்டுகள் கிடந்தது. இது வெறும் சம்பிரதாய மீறல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

2000இல் வந்த ஒரு புத்தகம், நீல் தடுப்பூசி போட்டே தட்டம்மையைப் பரப்பினார் என்ற அளவுக்குப் போனது. அந்தக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை, 1968 தட்டம்மைக் கொள்ளைநோயின்போது அவர் குழு தடுப்பூசி போட்டது நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பெரிய பழி பொய் என்றானதும், இரத்தம் பற்றிய உண்மையான புகாரையும் சேர்த்துக் கழித்துக்கட்டப் பார்த்தவர்கள் நிறைய. எனக்கு எரிச்சல் அங்கேதான்.

யானோமாமித் தலைவர் டாவி கோபெனாவா விடவில்லை. பிரேசில் அரசு வழக்கறிஞர்களின் துணையோடு நீண்ட இழுபறிக்குப் பிறகு 2015இல் 2,693 இரத்தக் குப்பிகள் திரும்பி வந்தன. பிரேசிலின் யானோமாமி பகுதியான டோடோடோபியில் சடங்கு செய்து மண்ணில் புதைத்தார்கள்.

அப்போ ஆராய்ச்சியே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை, யானோமாமிகளும் சொல்லவில்லை. சட்டவிரோதத் தங்கச் சுரங்கக்காரர்கள் ஆற்றில் விடும் பாதரசம் மீன் வழியாகத் தங்கள் உடம்பில் ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்லிப் பிரேசிலின் ஃபியோக்ரூஸ் பொதுச் சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேட்டதே அவர்களுடைய அமைப்புதான். 2014இல் சோதனைக்குத் தலைமுடி கொடுத்தார்கள். 2016இல் முடிவு அவர்கள் கைக்கு வந்தது. சுரங்கத்தை ஒட்டிய அராகாசா கிராமத்தில் சோதித்தவர்களில் 92 சதவீதம் பேருக்குப் பாதரசம் அளவு மீறியிருந்தது. அந்த அறிக்கையைத் தூக்கிக்கொண்டு ஐ.நா. பிரதிநிதியிடம் போய்க் கொடுத்தவரும் இதே டாவிதான்.