அது மகனுக்கு அழுத ஒப்பாரி இல்லை

ஒப்பாரிகளைப் பதிவு செய்கிறவர்கள் போன வெள்ளிக்கிழமை ஒரு கூட்டத்தில் ஒரு காணொளி போட்டார்கள். அதற்கு வந்தவர்களுக்கு எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். வராதவர்களும் அந்தக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். அதில் அழுகிற வயதான பெண் என் பெரியம்மா. 'காணாமல் போன மகனுக்குத் தாயின் ஒப்பாரி' என்று கீழே எழுதி, வயலினும் சேர்த்துப் போட்டார்கள். முடிந்ததும் சனம் கைதட்டியது.

அது மகனுக்கு அழுத ஒப்பாரி இல்லை. 1978 நவம்பர் சூறாவளியில் செத்துப்போன தன் தாய்க்கு அழுதது. "பழைய ஒப்பாரி ஏதும் ஞாபகம் இருக்கா அம்மா" என்றுதான் பதிவு செய்ய வந்த ஆய்வாளர் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததும் நான்தான், "சும்மா சொல்லுங்க பெரியம்மா" என்று சம்மதிக்க வைத்ததும் நான்தான். 'என்னைப் பெத்த தாயே' என்று வருகிற இடம் காணொளியில் இல்லை. வெட்டிவிட்டார்கள்.

மகனுக்குப் பெரியம்மா இன்றுவரை ஒப்பாரி வைக்கவில்லை. 1990 செப்டம்பர் 5, மட்டக்களப்பு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாக இருந்த 158 பேரை இராணுவம் கொண்டுபோனதே, அதில் அண்ணனும் ஒருவர். மரண அத்தாட்சிப் பத்திரம் எடுங்கள், நட்டஈடு வரும் என்று எத்தனை பேர் வந்து சொன்னார்கள்! எடுக்கவில்லை. செத்தவருக்குத்தான் ஒப்பாரி. வருவான் என்று இருக்கிற பிள்ளைக்கு அழுதால் பெத்தவளே சாகக் கொடுத்த மாதிரி. செத்த வீடுகளில் மற்றப் பெண்கள் கட்டிப்பிடித்து, தங்கள் தங்கள் பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லி அழுவார்கள். பெரியம்மா அங்கே கிடக்கிறவரை மட்டும் சொல்லி அழுதுவிட்டு எழும்பிவிடுவா. இத்தனை வருசம் அடக்கி வைத்ததை ஒரு தலைப்பு எழுதி முடித்துவிட்டீர்கள்.

பதிவு செய்யாவிட்டால் அழிந்துபோகும் என்கிறீர்கள். செய்யுங்கள், நான் மறிக்கவில்லை. யாருக்கு அழுதது என்பதையே மாற்றினால் அது என்ன பதிவு? நோக்கம் நல்லதாம். எனக்கு நோக்கம் வேண்டாம். "நீ குடும்பத்து ஆள், உணர்ச்சிவசப்படுறாய்" என்று ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார். ஓம், குடும்பத்து ஆள்தான். அதனால்தான் அது யாருக்கான அழுகை என்று எனக்குத் தெரியும்.

அதே கூட்டத்தில் ருவாண்டாப் பாடகர் சைமன் பிக்கிண்டியைப் பற்றியும் பேசினார்கள். 2008இல் ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் அவருக்கு 15 வருடம் கொடுத்தது பாட்டுகளுக்காக இல்லை. 1994 இனப்படுகொலையின்போது ஒலிபெருக்கியில் துட்சி மக்களைக் கொல்லச் சொன்னதற்காக. பாட்டை வேறாக, பேச்சை வேறாகப் பிரித்துப் பார்த்தார்கள். கொலைக்குத் தூண்டியவருடைய பாட்டுக்கு அவ்வளவு கவனம். பெரியம்மாவின் பாட்டு யாருக்கு அழுதது என்று கேட்டு ஒரு போன்கோல் கூட இல்லை.

அடுத்ததாக முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்குப் பதிவு செய்யப் போகப்போகிறார்களாம். 1990 ஆகஸ்ட் 3, பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் பறிகொடுத்த வீடுகள் அவை. ஒப்பாரி வைத்து அழுவது அவர்கள் மார்க்கத்தில் இல்லை. அந்த உம்மாமார் சத்தமில்லாமல் இருப்பதற்கும் வயலின் போடுவீர்களா?

பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில் காட்டியிருக்கிறாள். "நான் அவனுக்கு அழவே இல்லையே மனே, ஏன் இப்பிடிப் போட்டவங்க?" என்று பெரியம்மா என்னைத்தான் கேட்கிறா. ரெண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

தலைப்பைத் திருத்துகிறோம் என்று நேற்றுச் சொன்னார்கள். திருத்த வேண்டாம். காணொளியை எடுங்கள்.