டைனமோ றேடியோ பற்றி இன்னும் கொஞ்சம்

உங்கள் பதிவில், இந்தியாவில் இருந்து வந்து, உலகப் போரில் சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) பிரிவில் கடமை செய்து, யாழ்ப்பாணத்தில் றேடியோ திருத்தும் கடை நடத்திய ஐயாவை நினைவுகூர்ந்தது மிக நல்ல காரியம். ஆனால் 1990க்குப் பிறகு, மின்சாரமும் இல்லாமல் பற்றறியும் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், "டைனமோவில் றேடியோ பாடவைத்தார்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அது சும்மா வயர் கொழுவுகிற வேலை இல்லை.

சைக்கிள் சில்லோடு சுழன்று மின் தரும் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாட் ஆடலோட்டம் (திசை மாறி மாறி ஓடும் மின், AC). றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம் (ஒரே திசையில் ஓடும் மின், DC). அதனால் மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் 4 டயோட்டைப் பாலமாகக் கட்டி, பின்னால் மின்னைச் சீராக்க 1000 மைக்ரோபரட் கொள்ளளவி (கப்பாசிற்றர்) போடவேணும். அது இல்லாவிட்டால் பாட்டை விட இரைச்சல்தான் கூடக் கேட்கும். கொள்ளளவியை முனை மாறிப் போட்டால் வெடிக்கும்.

பலர் பிழைவிடும் இடம் வேறு. டைனமோவின் ஒரு முனை அதன் உடம்புதான், சைக்கிள் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். றேடியோவின் மறைக் (நெகற்றிவ்) கம்பி சட்டத்தில் முட்டினால் பாதி அலை வீணாகி, சத்தம் அமுங்கிவிடும்.

வேகமாக மிதித்தால் வோல்ற்றளவு ஏறி றேடியோ எரியும், ஏனென்றால் றேடியோ இழுக்கும் மின் கொஞ்சம். ஆகவே முன் லைற்றின் பல்பையும் பாலத்துக்கு முன்னால் சேர்த்தே விடவேணும். பல்ப் வெள்ளையாக எரிந்தால் மிதிப்பவர் வேகத்தைக் குறைக்கலாம்.