அம்மாவின் மாரடைப்பும் குடும்ப வரலாறுதான்

சென்ற மாதம் முழு உடல் பரிசோதனைக்காக ஒரு மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். படிவம் நிரப்பிய பெண், "வீட்ல யாருக்காவது ஹார்ட் அட்டாக் வந்திருக்கா சார்?" என்று கேட்டார். அம்மாவுக்கு 61 வயதில் வந்தது என்றேன். "அது வயசானா வர்றதுதான். அப்பாவுக்கு, அண்ணன் தம்பிக்கு இருக்கா?" என்றார். இல்லை என்றதும் குடும்ப வரலாற்றுக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்தச் சொல் இன்னும் என்னை உறுத்துகிறது.

தந்தைக்கோ சகோதரருக்கோ 55 வயதுக்குள், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்குள் இதயத் தமனி நோய் வந்திருந்தால் அதைப் பிள்ளைகளின் ஆபத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பரவலாகப் பின்பற்றும் அளவுகோல். பெண்களுக்கு இந்நோய் தாமதமாக வருவதால்தான் இந்தப் பத்தாண்டு இடைவெளி. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்விலும் பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சுமார் ஒன்பது ஆண்டுகள் தள்ளியே வந்திருந்தது. இந்தத் தாமதத்தைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்வதில்தான் நாம் தவறு செய்கிறோம்.

2007இல் மாரடைப்போடு தொடர்புபடுத்தப்பட்ட 9பி21 என்ற மரபணுப் பகுதி ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது. அது தாயிடமிருந்தும் வரும், தந்தையிடமிருந்தும் வரும், மகனுக்கும் மகளுக்கும் ஒரே வாய்ப்போடு வரும். குடும்பவழி மிகை கொலஸ்ட்ராலும் அப்படித்தான். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கும் இந்தக் குறைபாட்டில், இரத்தத்திலுள்ள எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைக் கல்லீரலால் போதிய அளவு அகற்ற முடியாததால், பிறந்த நாள் முதலே தமனிகள் அதைச் சுமக்கின்றன. சிகிச்சை இல்லாவிட்டால் ஆண்களில் சுமார் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள்ளும், பெண்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கு 60 வயதுக்குள்ளும் இதயத் தமனி நோய் வெளிப்பட்டுவிடுகிறது. பெண்ணுக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு: கருத்தரிக்கத் திட்டமிடும்போதும், கர்ப்பத்திலும், பாலூட்டும்போதும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையைப் பொதுவாக நிறுத்திவைப்பதால், இரண்டு பிள்ளைகள் பெறுவதற்குள் மருந்தில்லாமலே சில ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன, மாதவிடாய் நின்ற பிறகு எல்டிஎல் மேலும் ஏறுகிறது.

என்னை மிகவும் வியக்கவைத்தது ஆறாவது குரோமோசோமில் உள்ள பிஎச்ஏசிடிஆர்1 என்ற மரபணு. கொழுப்புப் படிவு காரணமாக இல்லாமல் இதயத் தமனியின் சுவர் தானாகவே கிழிந்து வரும் மாரடைப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு ஆளாவோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பிரசவமான சில வாரங்களில் வருவதும் உண்டு. இந்த மரபணுவின் ஒரு வடிவம் கொழுப்பு படியும் ஆபத்தைக் கூட்டிக் கிழிவு ஆபத்தைக் குறைக்கிறது. மற்ற வடிவம் நேர்மாறாகச் செய்கிறது. ஆகவே நெஞ்சு வலியோடு வரும் இளம் பெண்ணை, கொலஸ்ட்ரால் இல்லை, சர்க்கரை இல்லை என்று சொல்லி வாய்வு மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. தாடையும் முதுகும் வலிக்கிறது என்று சொன்ன என் அம்மாவுக்கும் முதலில் கிடைத்தது வாய்வு மாத்திரைதான்.

நான் திரும்பிப் போய் அந்தக் கட்டத்தைத் திருத்தி எழுதச் சொன்னேன். 44 வயதான என் தங்கை, "எனக்கு இன்னும் மாதவிலக்கு நிற்கலையே, எனக்கெதுக்குண்ணா டெஸ்ட்?" என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசிய பிறகு ஒப்புக்கொண்டாள். அடுத்த வாரம் கொழுப்புப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போகிறாள். படிவத்தில் அம்மாவுக்கு நோய் வந்த வயதை, 61 என்று, அவள் கையாலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.